இருவருமே சரிசெய்த வளைகத்தி

போன வருடம் ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. பயம் அதற்கப்புறம்தான் வருகிறது.

அந்தக் கொட்டகைதான் எங்கள் கடைசல் பட்டறை. கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கட்டில் கால், தொட்டில் கம்பு எல்லாம் கடைந்து பழகியவள். என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். சுற்றுவட்டத்தில் எந்தக் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆக, மரம் எனக்குத் தெரியும், இரும்பு அவருக்குத் தெரியும். பழைய இரும்புக் கடையில் கிடந்த, மரம் கடைகிற ஒரு லேத்தை வாங்கிவந்து அவர் ஓட வைத்தார். நான் அதில் கிண்ணங்கள் கடைந்து விற்க ஆரம்பித்தேன். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைக்காதவரை வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வளைகத்தி வந்து சேர்ந்தது, எல்லாம் கெட்டது.

வளைகத்தி என்று நாங்களாக வைத்த பெயர்தான். சாதாரணமாக ஒரு மரக் கிண்ணம் கடைந்தால், உள்ளே இருக்கிற மரம் முழுக்கச் சுருள் சுருளாகத் தரையில் விழுந்து வீணாகிவிடும். கடைசியில் அது அடுப்புக்குத்தான் போகும். இந்தக் கத்தி அரிவாள் மாதிரி வளைந்தது. சுற்றுகிற மரத்துக்குள் வளைந்தபடியே நுழைந்து, உள்ளே இருப்பதை அப்படியே இன்னொரு கிண்ணமாகப் பெயர்த்துக் கொடுக்கும். இளநீரிலிருந்து வழுக்கையை உடையாமல் ஒரே சுற்றில் வழித்தெடுப்போமே, கிட்டத்தட்ட அதுபோல. பெரியது, நடுத்தரம், சின்னது என்று ஒரே கட்டையில் மூன்று கிண்ணம்கூட எடுக்கலாம்.

வெகுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அதை வாங்கியே ஆகவேண்டும் என்று வந்தது நர்ஸம்மாவால்தான். அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மலையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து இங்கேயே ஊன்றிவிட்டவர். என் மகள் பிறந்தது அவர் கையில்தான். ஆஸ்பத்திரியில்கூட இல்லை. என்னைப் போளூருக்குக் கொண்டுபோகும்போது பாதையில் மரம் விழுந்து ஜீப் நின்றுவிட, மலை வளைவில், ஜீப்பின் பின்சீட்டில், என் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்தார். அப்படிப்பட்டவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம் உண்டு. அந்த மழையில் அது காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் விறகுக்கு வெட்டிப் போட்டார். அதில் ஒரேயொரு அடித்துண்டை மட்டும் நர்ஸம்மா கேட்டு வாங்கி எங்களிடம் கொண்டுவந்தார். கிண்ணமாகச் செய்து தரமுடியுமா, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறமாதிரி இருக்கவேண்டும், போகிற இடத்தில் வீடு எப்படியோ, சாமான் வைக்க இடம் இருக்குமோ என்னவோ என்றார். பச்சை மரம், காயும்போது கொஞ்சம் கோணிக்கொள்ளும் என்று சொன்னேன். கோணினால் கோணட்டும் என்றார். அவர் இதுவரை எங்களிடம் கேட்ட ஒரே பொருள் அது. நான் சரியென்று சொன்ன அன்றே கத்திக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

பார்சல் மலைக்கு வராது என்று கூரியர்க்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் போளூருக்குப் போய் வாங்கிவந்தார். பிரித்துப் பார்த்தால், வளைகத்தியைத் தாங்கி நிற்கிற இரும்புக் கால், எங்கள் லேத்தில் அது இறங்கவேண்டிய குழிக்குள் லொடலொடவென்று ஆடியது. அது வெளிநாட்டு லேத்துக்கு அளவெடுத்துச் செய்தது. எங்களுடையதை எவர் எந்த அளவில் செய்தாரோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இதெல்லாம் ஒரு விஷயமா, ஒரு புஷ் கடைந்து மாட்டினால் முடிந்தது என்றார் என் வீட்டுக்காரர். குழிக்கும் காலுக்கும் நடுவில் செருகுகிற இரும்பு வளையம்தான் புஷ். மறுபடி போளூர், மறுபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பு. கொண்டுவந்தார். காலுக்கு அது கச்சிதமாக இருந்தது, குழிக்குள்தான் போகவில்லை. இரும்புக் காலை அளவெடுத்த மனுஷன் குழியைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போயிருக்கிறார். தேய்த்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டினார். புஷ் பாதி உள்ளே போய் நின்றது. அதற்கப்புறம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அதை வெளியே எடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. எடுத்து, அரத்தால் தேய்த்து, மறுபடி மாட்டினோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவர் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்து, எப்படிப் பொருத்துவது என்கிற கேள்வி. கூடவே வந்த தாளில் படங்கள்தான் இருந்தன. ஒரு அம்புக்குறி இடப்பக்கம் வளைந்தது, இன்னொன்று வலப்பக்கம் வளைந்தது. அதில் எது முதல் என்று கடவுளுக்கே தெரியாது. போனில் வீடியோ இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தூறலில் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நான் அங்கே நின்று பார்ப்பேன், பார்த்ததைக் கொட்டகையைப் பார்த்துக் கத்துவேன். உள்ளேயிருந்து அவர், "தெரியும், தெரியும்" என்பார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் மாட்டினார். அவர் லேத் புதுசு, கொட்டகை புதுசு, சட்டையில் ஒரு தூசி இல்லை. முக்கியமான இடம் வரும்போது படம் நின்று சக்கரம் சுற்றும். மறுபடி ஓடும்போது அவர் வேலையை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த ஆள் மேல் வந்த அளவுக்கு வேறு யார் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

எப்படியோ பொருத்திவிட்டோம். மிச்சமிருந்தது உயரம். லேத்தின் மறுகோடியில் ஊசிபோல ஒரு கூர் உண்டு. மரம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழலுமோ, அந்த உயரத்தில்தான் அந்தக் கூர் நிற்கும். கத்தியின் நுனியும் அதே உயரத்தில் இருக்கவேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் தொல்லை, ஏறினாலும் தொல்லை. நான் குனிந்து பார்த்தேன். நுனி கூருக்குக் கீழே இருந்தது, ஒரு காசின் கனத்துக்கு.

"கீழ இருக்குதுங்க" என்றேன்.

"ஊசிதான் தேஞ்சி போய் கெடக்குது. கத்தி சரியாத்தான் கீது" என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. மரத்தில் நுனி எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று நான். இரும்பில் எது தேயும், எது தேயாது என்று எனக்குத் தெரியாதா என்று அவர். புஷ் விஷயத்தை நான் இழுத்தேன். சாக்கைப் போட்டுக்கொண்டு தொட்டியோரம் நின்று கத்தினால் மெக்கானிக் ஆகிவிடமுடியாது என்று அவர் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. அவர் கட்டையைத் தூக்கி லேத்தில் மாட்டி, இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். கட்டை மாட்டியபிறகு ஊசிக்கூரைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கமுடியாது. அப்படியென்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை நர்ஸம்மா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ராத்திரி சோறு போட்டேன், சாப்பிட்டார். ஒரு வார்த்தை இல்லை. விடிந்ததும் அதே கதை.

அவர் ரோட்டுக்குப் போய் நர்ஸம்மாவை அழைத்துவர வண்டியை எடுத்தார். வண்டிச் சத்தம் வளைவில் திரும்பி மறைந்ததும் நான் கொட்டகைக்குள் போனேன். வீம்புக்காக இந்த ஒரே கட்டையை வீணாக்கப்போகிறார், இவரிடம் மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, சத்தமில்லாமல் நாமே சரி பண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். வளைகத்தியின் காலைக் குழியிலிருந்து தூக்கி, அடியில் ஒரு தடி வாஷரைப் போட்டு, மறுபடி இறக்கி முடுக்கிவிட்டேன். அவருக்குத் தெரியவே வேண்டாம். நன்றாக வெட்டினால் தன் திறமை என்று நினைத்துக்கொள்ளட்டும். அந்த அளவுக்குப் பெருந்தன்மை என்று அப்போது என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

நர்ஸம்மா வந்தார். அவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை லேத்துக்கு எதிரில், கொஞ்சம் தள்ளிப் போட்டார் என் வீட்டுக்காரர். கட்டைக்கு நேரே யாரும் இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால், நாற்காலியை அந்தப்பக்கம் நகர்த்துங்கள் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவரிடம் பேச வாய் வரவில்லை. தூரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார். கட்டை சுற்ற ஆரம்பித்தது. வெட்டு நடுவிலிருந்து தொடங்காமல் பக்கவாட்டில் தொடங்குவதால், நுனி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் கைப்பிடியை மெல்லத் தள்ளினேன். முதலில் மஞ்சள் மஞ்சளாகச் சுருள் வந்தது. பலா மரத்தின் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. நான் சொன்ன உயரம்தானே சரி என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

கத்தி ஒரு விரல் ஆழம் போயிருக்கும். கிறீச்சென்று ஒரு சத்தம். கைப்பிடி அதிர்ந்தது. பச்சை மரத்துப் பால் கத்தியில் அப்பிக்கொண்டதாலோ என்று வெளியே இழுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி மறுபடி விட்டேன். மறுபடியும் அதே சத்தம், இந்த முறை கூடவே ஒரு தீய்ந்த நாற்றம். மோட்டார் முனகியது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அவர் ஒரு பார்வை பார்ப்பார் என்று சொல்லவில்லை. அவரும் சுவிட்சை அணைத்திருக்கவேண்டும். நான் கேட்காமல் அணைத்தால் என் வேலையில் தலையிட்டதாகச் சொல்லுவேன் என்று அவர் அணைக்கவில்லை. இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

நர்ஸம்மாதான் எழுந்தார். புகை வந்ததைப் பார்த்து எழுந்து, எங்கள் பக்கமாக வந்து, "இன்னாமா இது, பொக வருது, நிறுத்துங்க தம்பி" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. கத்தி மரத்துக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. கைப்பிடி என் கையை உதறிவிட்டு மேலே அடித்தது. படீரென்று கட்டை லேத்தின் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, தகரச் சுவரில் மோதி, திரும்பி, நாற்காலியின் மேல் விழுந்தது. நாற்காலியின் முதுகு இரண்டாகப் பிளந்தது. கட்டை உருண்டு வாசலில் போய் நின்றது.

அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்தார். என் மகளை உலகத்துக்குக் கொண்டுவந்த மனுஷி ஒரு மூச்சு முன்னால்வரை உட்கார்ந்திருந்த நாற்காலி அது. நான் அப்படியே மரச்சுருள் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தவள் அழுதேன் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. சண்டை போட்டேன். அவரும் போட்டார். நேற்றிலிருந்து இரண்டு பேரும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. புஷ், வீடியோ, தேய்ந்த ஊசி, கட்டையைச் சரியாக இறுக்கவில்லை, கத்தியை முரட்டுத்தனமாகத் தள்ளினாய் என்று எல்லாமே. நர்ஸம்மா மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு தானும் குடித்து, எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

"வார்டுல ஒரு பேஷண்டுக்கு திடீர்னு மோசமாச்சின்னா, யாரு தப்புன்னு மொதல்ல கேக்கமாட்டோம். கடைசியா யாரு இன்னா குடுத்தீங்கன்னுதான் கேப்போம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லுமா. ஓட்டறதுக்கு முன்னாடி கடைசியா நீ இன்னா பண்ண?"

பொய் சொல்லத் தோன்றியது. அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. வாஷர் போட்டதைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்படவில்லை. லேத்தின் பக்கத்தில் குனிந்தார். வளைகத்தியின் கால் இறங்குகிற குழி உள்ள இரும்புப் பீடத்தின் போல்ட்டைத் தளர்த்தி, அதற்கடியிலிருந்து ஒரு தடித்த இரும்புத் தகட்டை உருவி எடுத்தார். நேற்று நான் சமைக்கப் போயிருந்தபோது வைத்தாராம். நான் சொன்னதுதான் சரியோ என்று சந்தேகம் வந்து, ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து ஊசிக்கூருக்கும் கத்திநுனிக்கும் லேத்தின் மேடையிலிருந்து தனித்தனியாக அளந்து பார்த்திருக்கிறார். கீழேதான் இருந்திருக்கிறது. அதை என்னிடம் ஒப்புக்கொள்ள மனசு வராமல், மரச்சுருளை மேலே தள்ளி மறைத்துவிட்டிருக்கிறார்.

தாழ்ந்திருந்த கத்தியை அவர் ஒருமுறை தூக்கிவிட்டார், நான் இன்னொருமுறை தூக்கிவிட்டேன். நுனி எங்கேயோ மேலே போய், அதன் வளைந்த முதுகு மரத்தோடு உரசி, இறுகி, இவ்வளவும் ஆகியிருக்கிறது.

நர்ஸம்மா அந்தத் தகட்டை வாங்கிப் பார்த்தார். "ஒரே பேஷண்டுக்கு ஒரே ஊசிய ரெண்டு பேரும் போட்டுட்டீங்க" என்றார். ஆஸ்பத்திரியில் ஆள் செத்துப்போவது சிலநேரம் யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டதால் இல்லை, இரண்டு பேர் ஒரே நல்ல காரியத்தைச் சொல்லாமல் செய்ததால்தான் என்றும் சொன்னார். அதை மெதுவாகத்தான் சொன்னார்.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா. அந்த நேரத்திலும் என் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது வேறொன்று.

"அப்ப நான் சொன்னது கரெக்ட்டுன்னு நேத்தே உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"நீ கேட்டியா?" என்றார்.

நர்ஸம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டையைத் தூக்கிவந்து பார்த்தோம். அதிர்ஷ்டவசமாக வெளிவிளிம்பில் மட்டும் ஒரு பக்கம் விரிசல். லேத்தின் பிடிக்குள் செருகியிருந்த கட்டையின் அடிக்குமிழ் உடைந்திருந்தது. அதைப் புதிதாகக் கடைந்துகொண்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை ஊசிக்கூரை வைத்து இரண்டு பேரும் குனிந்து, இரண்டு பேரும் சரியென்று சொன்ன பிறகுதான் கட்டையை மாட்டினோம். அதற்கும் ஒரு சின்னச் சண்டை ஆனது, அது வேறு. கத்தி சத்தமில்லாமல் நுழைந்தது. கடைசியில் டொக்கென்று ஒரு ஒலி, உள்ளிருந்து சின்னக் கிண்ணம் தனியாகக் கழன்று என் கைக்கு வந்தது. ஈரமாக, மஞ்சளாக, அப்போதுதான் பிறந்த எதையோ வாங்கியதுபோல இருந்தது. பிறகு நடுக் கிண்ணமும் வந்தது.

பெரிய கிண்ணத்தில்தான் நஷ்டம். விரிசல் போகிறவரைக்கும் விளிம்பைச் சீவி எடுக்கவேண்டி வந்ததால் அது குட்டையாகிவிட்டது. மூன்றையும் அடுக்கிவைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை. சின்னவை இரண்டும் மேலே எழும்பி எட்டிப் பார்த்தன. நர்ஸம்மா கேட்டது இதையில்லை. அவர் ஊருக்குப் போகிற அன்று கொண்டுபோய்க் கொடுத்து, இது நீங்கள் சொன்னமாதிரி வரவில்லை என்றேன். அவர் மூன்றையும் அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்கிப் பார்த்தார். "பரவால்லமா, மூடி போட்டு வெக்கற ஜாமானா இது, மேல எட்டிப் பாத்தா இன்னா" என்று சொல்லி ஒரு பழைய சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஏறும்போது எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, பேசிக்கொண்டே இருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நாங்கள் ஒன்றும் திருந்திவிடவில்லை. இன்றைக்கும் பட்டறையில் தினம் ஒரு சண்டை உண்டு, ஊர்க்காரர்கள் கேட்டுச் சிரிக்கிற அளவுக்கு உண்டு. அவர் போடுகிற சத்தத்தில் தகரம் அதிரும்போது எனக்குப் பயமே இல்லை, அவர் ஒன்றும் பேசாமல் லேத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிமிர்ந்தால்தான் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறேன்.